நெதியல்காவின் முன் ஆக்சில்

கோசார்னிக் கிராமத்திலிருந்து பருந்துப் பாறைக்குப் போகிற மலைப்பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைத்தவர்களில் நெதியல்கா மட்டும்தான் பெண். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அகலமான தோள், ஒட்ட வெட்டிய நரைமுடி, எத்தனை முறை துவைத்தாலும் டீசல் வாசனை போகாத நீலச் சட்டை. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். பாறையைப் பார்க்க வருகிறவர்கள் அவளிடமே வந்து டிரைவர் எங்கே என்று விசாரிப்பார்கள். அவள் ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்குவாள். கேட்டவர்கள் அசட்டுச் சிரிப்போடு பின்னால் ஏறிக்கொள்வார்கள்.

அதற்கு முன்னால் வனத்துறைக் கிடங்கில் டிரைவராக இருந்தாள். மரம் வெட்டுகிறவர்களை மேலே கொண்டுபோய் விடுவதும், மழுங்கிய சங்கிலி ரம்பங்களைத் தீட்டக் கீழே கொண்டுவருவதும் வேலை. வெல்டிங் வைக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். கிடங்கை மூடி வண்டிகளை ஏலம் விட்டபோது, தான் ஓட்டிய அந்தப் பழைய ருஷ்ய ஜீப்பையே கேட்டு எடுத்தாள். அவள் கணவன் அந்தோன் அதற்கு முன்பே கட்டட வேலைக்கென்று ஸ்பெயினுக்குப் போயிருந்தான். முதலில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வந்தான், பிறகு ஈஸ்டருக்கு மட்டும் வந்தான், பிறகு வரவில்லை. சண்டை எதுவும் கிடையாது. அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது. நெதியல்கா ஒரு குளிர்காலம் முழுக்க அழுதாள். பனி உருகியதும் ஜீப்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துத் தொழிலில் இறங்கினாள்.

அந்தத் தொழிலை ஊரில் ஆரம்பித்து வைத்தவர் ராதோய். அறுபதைத் தாண்டியவர். வயிறு ஸ்டியரிங்கைத் தொடும், குரல் எதிர்மலையைத் தொடும். ஜீப்புகள் வரிசையாக நிற்கும் சதுக்கத்தில் அவர் இருக்கிறார் என்றால் ஃபிதான்காவின் காப்பிக்கடைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். நெதியல்கா வரிசையில் வந்து நின்ற முதல் நாளே, "உன் ஜீப்பு இருமுதே நெதா, கொஞ்சம் தேன் குடு அதுக்கு" என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தவர். ஆனால் மற்றவர்கள் அவளை வரிசையில் சேர்க்கக் கூடாது என்று முணுமுணுத்தபோது, அவளைத் தனக்கு அடுத்த இடத்தில் நிற்கச் சொன்னவரும் அவர்தான். அவள் அதை மறக்கவில்லை.

அந்த ஜூன் மாதம் மழை விடாமல் பெய்தது. பாதை பல இடங்களில் அரித்துக்கிடந்தது. ஒருநாள் மதியம் மழை ஓய்ந்த நேரத்தில் அவர்கள் இருவரின் ஜீப்புகளும் பாறையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. முன்னால் ராதோய். அவர் வண்டியில் புர்காஸிலிருந்து வந்த ஒரு குடும்பம், அதில் ஒரு சின்னப் பெண் குழந்தை. பின்னால் நெதியல்கா, நாலு கல்லூரிப் பிள்ளைகளோடு.

பீச் மரக்காடு முடிந்து சரிவு செங்குத்தாகும் இடத்தில் ராதோயின் ஜீப் திடீரென்று வேகம் பிடித்தது. கியர் நறநறவென்று கடிக்கும் சத்தம் நெதியல்காவின் காது வரைக்கும் கேட்டது. வண்டி அப்படியும் இப்படியும் ஆடியது. ராதோய் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். ஜீப் மேட்டில் முட்டி, மலையோர ஓடைக்குள் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்து நின்றது. நல்லவேளை யாருக்கும் அடியில்லை. குழந்தை மட்டும் பயத்தில் வீறிட்டு அழுதது.

"மான்," என்றார் ராதோய், கதவைத் தள்ளி இறங்கிக்கொண்டே. அவர் முகம் வெளுத்திருந்தது. "குறுக்க பாஞ்சிருச்சு. பாத்தியா?"

நெதியல்கா திரும்பித் தன் வண்டிக்கு நடந்தாள். இழுக்கும் கயிற்றை எடுத்தாள்.

அவரை வெளியே இழுக்க வேண்டுமென்றால் அவரைத் தாண்டிக் கீழே போய் நிற்க வேண்டும். தாண்டுவதற்கு வெளிப்பக்க ஓரத்தில்தான் இடம். அங்கே சேற்றுத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆட்களை இறக்கிவிட்டு மெல்ல ஊர்ந்தாள். இடது முன்சக்கரம் தண்ணீருக்குள் இறங்கியது. அவள் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கியது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. முன்னால் ஏதோ முறிந்த சத்தத்தை அவள் காதால் கேட்டதைவிட இடுப்பெலும்பில்தான் அதிகம் உணர்ந்தாள். ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுற்றியது. இறங்கிப் பார்த்தபோது இரண்டு முன்சக்கரங்களும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

பயணிகள் நடந்தே ஊருக்கு இறங்கினார்கள். ராதோயின் ஜீப்பை மரத்தில் கப்பி கட்டி வெளியே எடுத்தார்கள். அதற்கு முகப்பு விளக்கு உடைந்ததோடு சரி. கடைசியில் காப்பாற்றப் போன நெதியல்காவின் வண்டியைத்தான் ராதோயின் வண்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. சதுக்கத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

மறுநாள் காப்பிக்கடையில் அதுதான் பேச்சு. ராதோய் மான் கதையைச் சொன்னார். எப்போதும்போல உரக்கச் சொல்லவில்லை. ஸ்தாமென் என்ற இன்னொரு டிரைவர், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன், அவரை விட்டுவிட்டு நெதியல்காவைப் பிடித்துக்கொண்டான்.

"காப்பாத்தப் போனவங்களைக் காப்பாத்த ஒரு ஆளு வேண்டியிருந்துச்சாமே அக்கா? தண்ணியைப் பாத்தா ஆழம் தெரியாதா? அடுத்த தடவை ஒரு குச்சி எடுத்துட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நெதியல்கா ராதோயைப் பார்த்தாள். அவர் தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

வைக்கோல் கொட்டகையில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். கழற்றக் கழற்ற மனம் கனத்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சில் குழாய், நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டியோடு சேரும் இடத்தில் கீறல் விட்டிருந்தது. குழாயே லேசாக வளைந்திருந்தது. சக்கரம் திரும்புகிற முனையில் உள்ள உருண்டை உடைந்து, அதற்குள் ஓடும் ஜாயின்ட் நாலைந்து துண்டுகளாகக் கையில் வந்தது. கீறலை வெல்டிங் வைத்து அடைக்கலாம். ஆனால் வளைந்த குழாயை நம்பி அந்தச் சரிவில் ஆட்களை ஏற்ற முடியாது. பழைய இரும்புக் கடையில் இதே மாதிரி இன்னொன்று தேடலாம். அதுவும் இதே வயது, இதே பலவீனம்தான். ஆகஸ்டு முடிந்தால் ஆள் வரத்து முடிந்துவிடும். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உடைந்த துண்டுகளை டீசலில் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி ஒரு பயனும் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ராதோய் டிராக்டரில் வந்தார். டிரெய்லரில் தார்ப்பாய் மூடிய ஏதோ ஒன்று. பாயை இழுத்தார். ராணுவ ஜீப்பின் முன் ஆக்சில். அதைப் பற்றி ஊருக்கே தெரியும். இந்த மாதிரி ஆக்சிலில் சக்கரத்தின் பக்கத்தில் தனியாக ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி இருக்கும். அதனால் நடுக்குழாய் சக்கரத்தின் மையத்தைவிட உயரத்தில் நிற்கும். ஒரு சாண் உயரமான கல்லையும் முட்டாமல் தாண்டிப் போகலாம். பக்கத்து ராணுவ முகாம் காலியானபோது ராதோய் முன்னுக்கும் பின்னுக்குமாக ஒரு ஜோடி வாங்கி, கிரீஸ் பூசி, தன் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். அதைப் பூட்டி இந்த மலையிலேயே எவனாலும் போக முடியாத இடத்துக்குப் போகப்போவதாக ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"வச்சுக்கோ," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதுவே அவருக்கு வழக்கமில்லாதது.

இருவரும் சேர்ந்து அதைக் கட்டைகள் மேல் ஏற்றினார்கள். ராதோய் போன பிறகு நெதியல்கா சாக்கட்டியால் குறி போட்டு, சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தாள். சக்கரம் ஒரு சுற்று வர இந்த ஆக்சிலில் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் வர வேண்டியிருந்தது. தன் ஜீப்பின் பின் ஆக்சிலில் அதே கணக்கைப் பார்த்தாள். நாலரைச் சுற்றிலேயே சக்கரம் ஒரு சுற்று முடித்துவிட்டது. திரும்பவும் சுற்றிப் பார்த்தாள். தப்பில்லை. முன்னால் ஒரு வேகம், பின்னால் ஒரு வேகம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்துக் கியர் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது முறித்துவிடும்.

மறுநாள் அவர் வீட்டு வாசலுக்கே போய் விஷயத்தைச் சொன்னாள்.

ராதோய் வாசற்கதவைப் பிடித்தபடி நின்றார். "முன்னால போட்டுட்டு, முன் கியரைப் போடாம ஓட்டேன். பின்சக்கரமே இழுக்கும்."

"அந்தச் சரிவுலயா? அப்ப எனக்கு முன் ஆக்சிலே வேண்டாமே அண்ணே. மாட்டுவண்டிச் சக்கரம் போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பின் ஆக்சிலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒன்று கொடுத்தால் மற்றதையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்ததே வீண் என்று அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அவள் கொட்டகையில் அந்த ஒற்றை ஆக்சில் சும்மா கிடந்தது. நெதியல்கா புளோவ்திவில் உள்ள பழைய இரும்புக் கடைகளுக்குப் போன் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். சதுக்கத்தில் அவள் நிற்கும் இடத்தில் ஸ்தாமெனின் ஜீப் நின்றது.

பிறகு ஒரு காலையில் மறுபடி டிராக்டர் சத்தம். பின் ஆக்சில் வந்திருந்தது. கூடவே ராதோயின் பழைய ஸ்பேனர் பெட்டியும், அவர் மனைவி கொடுத்தனுப்பிய சூடான உருளைக்கிழங்கு அடையும்.

"வேலை ரெண்டு ஆளு வேலை," என்றார் அவர். "தனியா தூக்கினா முதுகு போயிரும் உனக்கு."

வேலை ஆரம்பித்தது. இரண்டு ஆக்சிலையும் பிரித்து, பழைய கிரீஸை வழித்தெடுத்து, பேரிங்குகளை விரலால் சுற்றிச் சத்தம் கேட்டார்கள். இரண்டு பேரிங் கரகரத்தன. அவற்றை மாற்றினார்கள். ஆயில் சீல் எல்லாம் காய்ந்து விறைத்துப் போயிருந்தன. அத்தனையும் புதிது. ஷாஃப்ட்டுகளின் நீளம் ஒத்துவரவில்லை. நெதியல்கா அவற்றைப் பேருந்தில் தேவின் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் லேத் வைத்திருக்கும் சாலிஹிடம் கொடுத்தாள். அவர் அளவுக்குத் திருத்தி, ஆட்டம் இல்லாமல் சுழல்கிறதா என்று அவள் கண்முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். ஸ்டியரிங் கம்பியும் அவரே புதிதாகச் செய்து கொடுத்தார். அந்தக் கம்பியைக் கல்லிலிருந்து காக்க நெதியல்கா தடிமனான இரும்புத் தகடு வெட்டி, அதற்கு முன்னால் வெல்டிங் வைத்தாள். ராதோய் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். தகடு கோணலாக இருக்கிறது என்பார். வெல்டிங் புழு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்பார். அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். பழையபடி அவர் வாய் திறந்ததில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

முன் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பூட்டிய அன்று ராதோய் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்து யூ போல்ட்டுகளை முறுக்கினார். அவள் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டாள். கடைசி நட்டும் இறுகிவிட்டது. அவர் வெளியே வரவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். அவர் இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"எந்திரிக்க முடியலையா?"

"மரத்துப்போச்சு. கொஞ்சம் இரு."

நெதியல்கா தரையில் உட்கார்ந்தாள்.  வெளியே கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

"அன்னிக்கு மான் வரலை அண்ணே," என்றாள். "நான் உங்க பின்னாடியேதான வந்தேன்."

ராதோய் தலைக்கு மேலிருந்த ஆக்சிலைப் பார்த்தபடியே கிடந்தார். "உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஏன் சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். கிளட்சை மிதித்தபோது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. கியர் விழவில்லை. வண்டி தன்பாட்டுக்கு உருள ஆரம்பித்துவிட்டது. பிரேக்கும் ஈரத்தில் பிடிக்கவில்லை. மேட்டில் முட்டியிருக்காவிட்டால் அடுத்த வளைவில் பள்ளம். இரண்டு வருஷமாகவே முழங்கால் இப்படி நடுவில் பூட்டிக்கொள்கிறது. யாருக்கும் தெரியாது, மனைவிக்கும்கூட.

"பின்னால அந்தக் கொழந்தை அழுதது இன்னும் காதுலயே இருக்கு," என்றார்.

நெதியல்கா கையிலிருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "இந்த ஆக்சில எதுக்குக் குடுத்தீங்க? என் வாயை அடைக்கவா?"

"முதல்ல குடுத்தது அதுக்குத்தான்," என்றார் அவர் ஒளிக்காமல். "ரெண்டாவது அதுக்கு இல்ல."

"பின்ன?"

"இனி எனக்கு எதுக்கு அது?"

அவள் துணியை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப இனிமே ஆளுங்களை ஏத்தாதீங்க," என்றாள்.

"அதை நீ சொல்லணுமா எனக்கு?"

"வேற யாரு சொல்லுவா? வேற யாருக்கும் தெரியாதே."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்து இழுத்து அவரை வெளியே கொண்டுவந்தாள். உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஸ்பேனர் பெட்டியைக்கூட எடுக்காமல், நொண்டிக்கொண்டே போனார்.

அதன்பிறகு சில நாள் அவர் வரவில்லை. மிச்ச வேலையை நெதியல்கா தனியாகவே முடித்தாள். பிரேக் குழாய்களை இணைத்தாள், ஆயில் ஊற்றினாள், சக்கரங்களை மாட்டினாள். ஜீப் கொட்டகையில் முன்பைவிட உயரமாக நின்றது. ஏறுவதற்கே காலை எட்டி வைக்க வேண்டியிருந்தது. பெரியவரிடம் அப்படி வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசியிருக்க வேண்டாமோ என்று நினைப்பாள். உடனே அந்தக் குழந்தையின் ஞாபகம் வரும். பேசியது சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். மறுபடியும் முதல் நினைப்பே வரும்.

ராதோயின் ஜீப் மேலே போனதைப் பார்த்ததாக ஃபிதான்கா சொன்னபோது நெதியல்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். பாதி வழியிலேயே அவர் எதிரே வந்தார்.

"போயிட்டு வந்தேன்," என்றார், அவள் முகத்தைப் பார்த்ததுமே. "தனியா. ஒரு ஆளுகூட ஏத்தலை. கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம்னு. ஏறங்குறப்ப முழுக்க முதல் கியர்தான், கிளட்சைத் தொடவே இல்ல. போதுமா?"

"போதும்," என்றாள் அவள். கோபம் வடிந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "என் வண்டி ரெடி. வர்றீங்களா?"

அவர் பழக்க தோஷத்தில் ஸ்டியரிங் இருக்கும் இடது கதவுப் பக்கம் போய், நின்று, சுற்றிக்கொண்டு வலது பக்கம் ஏறினார். முதல் சரிவிலேயே புது ஆக்சிலின் குணம் தெரிந்தது. முன்பு ஒதுங்கிப் போக வேண்டிய கற்களை ஜீப் அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. ஆனால் சக்கரத்துப் பெட்டிகளிலிருந்து ஒரு ஊளைச் சத்தம், பேச்சே காதில் விழாத அளவுக்கு. பக்கச் சரிவில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தது. ஓரிடத்தில் அவள் நிறுத்தி, பின்னால் எடுத்து, வேறு கோணத்தில் ஏறினாள். ராதோய் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தார். வழியெல்லாம் அவர் இடது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. இறங்கும்போது அந்தத் தண்ணீர்ப் பள்ளம் வந்தது. இடது சக்கரம் இறங்கி, கல்லின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியது. அடியில் எதுவும் தட்டவில்லை.

"கல்லு அங்கயேதான் இருக்கு," என்றார் ராதோய் கத்தி.

"எங்க போகும்?" என்று அவளும் கத்தினாள்.

திரும்பி வந்து சதுக்கத்தில் இறங்கியபோது காப்பிக்கடையில் ஆள் நிறைந்திருந்தது. உயர்ந்துபோன ஜீப்பைப் பார்த்து ஸ்தாமென், ஏணி எங்கே என்று ஆரம்பித்தான். ராதோய் அவனைக் கையமர்த்தினார். நின்றுகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மான் வந்துச்சுன்னு சொன்னது பொய். எனக்குக் கால் வரலை. வண்டி கைவிட்டுப் போச்சு. இவ பின்னாடியே வந்து பாத்தா. பாத்தும் ஒரு வார்த்தை சொல்லலை. இவ ஆக்சில் ஒடைஞ்சது என்னாலதான். நாளையிலேருந்து நான் ஆளு ஏத்தப் போறதில்ல."

 ஃபிதான்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். ஸ்தாமென் எழுந்து தன் நாற்காலியை ராதோய் பக்கம் தள்ளினான்.

"அந்த மானுக்கு ஒரு கிளாஸ் ராக்கியாச் சாராயம் ஊத்து ஃபிதான்கா," என்றான். "பாவம், செய்யாத தப்புக்கு இத்தனை நாள் பேரைக் கெடுத்துக்கிச்சு." பிறகு நெதியல்கா பக்கம் திரும்பி, "நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்றான். மறுநாள் அவள் இடத்தில் அவன் ஜீப் இல்லை.

ராதோய் சதுக்கத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசி, யார் எந்த ஜீப்பில் ஏறுவது என்று பிரித்துவிடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அவர் வாய்க்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஊளைச் சத்தத்தைக் கேட்டுத் தயங்குகிறவர்களை நெதியல்காவின் வண்டியில் ஏற்றும்போது, அது ராணுவ இசைக்குழு, தனியாகக் காசு கிடையாது என்பார். முழங்காலுக்கு ஸ்மோலியான் மருத்துவமனையில் பார்க்க அவரை அழைத்துப் போனதும் அவள்தான். வழியெல்லாம் அவள் கியர் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

நெதியல்கா அந்த உயரத்துக்குப் பழக ஒரு பருவம் ஆனது. பக்கச் சரிவுகளை நேராக எடுக்கக் கற்றுக்கொண்டாள். செப்டம்பரில் இடது முன்பெட்டியில் ஆயில் கசிந்தது. பிரித்துப் பார்த்து சீலை மாற்றினாள். முதல் பனி விழுந்ததும், மலையுச்சியை ஒட்டிய மேல்குடியிருப்பில் மிச்சமிருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் நவம்பரில் அங்கே எந்த ஜீப்பும் ஏறாது, குதிரைதான். மாவு மூட்டையும் மருந்தும் காஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு அவள் சக்கரத்தில் சங்கிலி கட்டிக் கிளம்பினாள். பனிக்குள் ஜீப் ஊளையிட்டுக்கொண்டே ஏறியது. மேல்வீட்டுக்காரர்கள் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டு, அவள் வந்து சேர்வதற்குள் பீன்ஸ் சூப்பைச் சூடாக்கி, மேசையில் தட்டு வைத்துவிட்டிருந்தார்கள்.